ஐம்பத்து மூன்றாம் வாரம்

நான் திருடியது ஒரே ஒரு வாரம்தான். அதையும் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி, பட்டப்பகலில், பள்ளிக்கூட வாசலில் நின்று திருடினேன். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

என் பேர் யான்டினா. பஸ் கம்பெனியில் ஓட்டுநர்களுக்கு வேலைப் பட்டியல் போடுகிறேன். இருபது வருஷமாக அதே வேலை. யாருக்குக் காலை ஷிஃப்ட், யாருக்கு மாலை, கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் இருக்கலாம், யார் வண்டியில் இருக்க வேண்டும் எல்லாம் என் கையில். எங்கள் ஊரில் தேதி சொல்லி யாரும் பேச மாட்டார்கள், வாரத்தின் நம்பரைச் சொல்லித்தான் பேசுவார்கள். பல் டாக்டர்கூட "முப்பத்தாறாவது வாரம் வாங்க" என்பார். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஐம்பத்து மூன்று வரும். அது என்னைப் போன்ற பட்டியல்காரிகளுக்கு வெகு முன்னாலேயே தெரியும். மற்றவர்கள் டிசம்பரில் காலண்டரைப் பார்த்துவிட்டு "அட" என்பார்கள்.

வௌட்டரும் நானும் பிரிந்தபோது, மத்தியஸ்தம் பண்ணிய திருமதி தெர்ப்ஸ்ட்ராவின் மேஜையில் உட்கார்ந்து எங்கள் மகள் ஃபென்னாவைப் பங்கு போட்டோம். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"ஒரு வாரம் இவகிட்ட, ஒரு வாரம் என்கிட்ட, மாத்தி மாத்தின்னு எழுதிடுங்க" என்றான் வௌட்டர்.

"மாத்தி மாத்தின்னு எழுதினா லீவு வர்றப்ப குழப்பம் வரும். ஒத்தை நம்பர் வாரம் எனக்கு, ரெட்டை நம்பர் வாரம் அவருக்குன்னு எழுதுங்க" என்றேன் நான்.

"பாருங்க, பட்டியல்காரி பேச ஆரம்பிச்சுட்டா" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வருஷத்துக்கு ஐம்பத்து மூன்று வாரம் என்று அவனுக்குத் தெரியாது. ஐம்பத்து மூன்று ஒற்றை. அதற்கு அடுத்து வரும் புது வருஷத்தின் முதல் வாரமும் ஒற்றை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பதினாலு நாள் சேர்ந்தாற்போல் என் பிள்ளை என்னிடம் இருப்பாள், அவனால் வாயைத் திறக்க முடியாது. வீடு அவனுக்கு, தோட்டம் அவனுக்கு, பூனைகூட அவனுக்கு. ஒரு வாரமாவது நான் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேனே என்று நினைத்தேன். ஒரு வருஷம் முழுக்க அதை யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன்.

வீடு அவனுக்கென்று ஆனதும் நான் ஊரோரத் திடலில் ஒரு குட்டி வீட்டுக்கு வந்தேன். பிரிந்துபோன அப்பா அம்மாக்கள் தற்காலிகமாகத் தங்க நகராட்சி போட்டுக்கொடுத்த வீடுகள். மொத்தம் பதினாலு. ஒரு பக்கம் சர்க்கரைக் கிழங்கு வயல், மறுபக்கம் நெடுஞ்சாலைச் சத்தத்தைத் தடுக்கிற சுவர், குறுக்கே ஒரு வாய்க்கால். இருபத்தெட்டு சதுர மீட்டருக்குள் அடுப்பு, சோபா, குளியலறை எல்லாம். ஏணியில் ஏறினால் பரணில் ஃபென்னாவின் படுக்கை. நான் சோபாவில் சுருண்டுகொள்வேன். ஒன்றரை வருஷம்தான் கெடு, அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. எனக்கு மே மாதக் கடைசியோடு முடிகிறது.

அதற்கப்புறம் எங்கே போவது? எங்கள் ஊரில் வீட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டுப் பத்து வருஷம் காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. பிள்ளை பாதி நாளாவது உங்களிடம் இருந்தால் வரிசையில் உங்களை முன்னால் கொண்டுவருவார்கள், இரண்டு அறை வீடு கிடைத்துவிடும். பாதிக்கு ஒரு நாள் குறைந்தாலும் நீங்கள் தனியாள். தனியாளை எந்த வரிசையிலும் முன்னால் விட மாட்டார்கள். ஆகவே அந்தப் பாதியை நான் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்தேன். பிப்ரவரியில் திருமதி தெர்ப்ஸ்ட்ரா ஃபென்னாவைத் தனியாகக் கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேட்பார். வருஷத்துக்கொரு முறை கேட்பது வழக்கம். "இப்படியே இருக்கட்டும்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளையும் மிஞ்சும், வீடும் கிடைக்கும்.

சொல்லுவாள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது, ஏனென்றால் திடல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. திடலைப் பார்த்துக்கொள்கிறவன் ஏழாம் நம்பர் வீட்டு ஹார்மென். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. புதிதாக யார் பெட்டியோடு வந்து நின்றாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "காபி அப்புறம் குடிக்கலாம். பசங்க ஒத்தை வாரமா, ரெட்டை வாரமா?" என்பதுதான். ரெட்டை என்று சொன்னால் விட மாட்டான். பழைய புருஷனிடமோ பெண்டாட்டியிடமோ பேசி ஒற்றைக்கு மாற்றிக்கொண்டு வரச் சொல்லுவான். அது திடலின் சட்டம். அப்படிச் செய்ததால்தான் ஒற்றை வாரத்துத் திங்கட்கிழமை மூன்றரை மணிக்குப் பத்தொன்பது பிள்ளைகள் சைக்கிளில் வந்து குதிப்பார்கள். வாய்க்கால் கரையில் பழைய பலகைகளை அடித்து ஒரு குடிசை கட்டியிருந்தார்கள். அதற்கு ராணி ஃபென்னா, மந்திரி ஹார்மெனின் மகள் டெஸ்ஸல். இருவருக்கும் ஒரே வயது. சாப்பிடக் கூப்பிட்டால் ஒன்றாகத்தான் வருவார்கள், ஒன்றாகத்தான் மறுபடி ஓடுவார்கள்.

ரெட்டை வாரத்தில் திடலில் ஈ காக்கை இருக்காது. பதினாலு பெரியவர்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடப்போம். ஹார்மென் அதை எழவு வாரம் என்பான். ஆனால் எங்கள் எழவைப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை, பார்க்காதபடிதான் அந்தச் சட்டமே.

நவம்பரில் துணி துவைக்கிற அறைக் கதவில் ஹார்மென் ஒரு காகிதம் ஒட்டினான். "இந்த வருஷம் 53 வாரம். அடுத்து என்ன செய்வது? புதன்கிழமை கூட்டம்." பாவி, எப்படிக் கண்டுபிடித்தான்? கூட்டத்துக்குப் போனால் என் திட்டத்தைச் சொல்ல வேண்டிவரும். ஹார்மெனும் வௌட்டரும் ஒரே கிளப்பில் வாலிபால் ஆடுகிறவர்கள், மறுநாளே அவன் காதுக்குப் போய்விடும்.

நல்லவேளையாக ஹார்மெனோடு எனக்கு ஏற்கனவே ஒரு சண்டை இருந்தது. சைக்கிள் கொட்டகையில் என் இடத்தில் அவனுடைய மூன்று சக்கரப் பெட்டி சைக்கிளை நிறுத்தியிருந்தான். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

"புதன்கிழமை வர்றியா?" என்று வாசலில் வந்து கேட்டான்.

"உன் கூட்டத்துக்கு உன் சைக்கிளையே கூட்டிட்டுப் போய்யா. அதுதான் என் இடத்துல சொகுசா நிக்குதே."

"ஏம்மா, இது பசங்க விஷயம்."

"என் பொண்ணு விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். கூட்டம் முடிந்து முடிவையும் கதவில் ஒட்டினார்கள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு துணியைப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வரிதான் இருந்திருக்கும். படிக்க அரை நிமிஷம் ஆகியிருக்காது.

ஐம்பத்து மூன்றாம் வாரம் வந்தது. அதைப் போல ஒரு வாரம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. வருஷக் கடைசி நாள் மத்தியானம் ஹார்மென் பழைய பால் கேன்களை வயலில் படுக்கவைத்து, உள்ளே வெடிவாயு கிளப்புகிற கார்பைடு கல்லை நனைத்துப் போட்டு, கேன் வாயில் பந்தைச் செருகித் தீ வைத்தான். டமார் என்று வெடிக்க, பந்து வயலைத் தாண்டிப் பறந்தது. பத்தொன்பது பிள்ளைகளும் சேற்றில் விழுந்து எழுந்து அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். நான் கொட்டகை முன்னால் அடுப்பு வைத்து, உலர்ந்த திராட்சை போட்ட மாவுருண்டைகளைப் பொரித்துக் கொட்டினேன். ஃபென்னா முகமெல்லாம் சர்க்கரைத் தூளும் சேறுமாக வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நான் இங்கயே இருந்துடறேன்மா."

"இருடி கண்ணு, இரு. உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அடுத்த வாரமும் நீ இங்கதான்."

"நெஜமாவா? டெஸ்ஸலும் இருப்பாளா?"

"பின்னே? எல்லாரும்தான் இருப்பாங்க" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? கடவுளே, எதை வைத்து அப்படிச் சொன்னேன்?

ஜனவரி நாலாம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. எங்கள் கைமாற்றமெல்லாம் பள்ளிக்கூடம் வழியாகத்தான். காலையில் ஒருவர் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் மற்றவர் கூட்டிக்கொண்டு போவார், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வௌட்டரும் வந்தான்.

"என்ன, ஏதாவது மறந்துட்டாளா? குடுத்துட்டுப் போ" என்றான்.

"ஒண்ணும் மறக்கல. கூட்டிட்டுப் போக வந்தேன்."

"போன வாரம் உன்கிட்டதானே இருந்தா?"

"இருந்தா. அது ஐம்பத்து மூணாவது வாரம். இது ஒண்ணாவது வாரம். ரெண்டும் ஒத்தை."

"விளையாடாத யான்டினா."

கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அந்த வரிமேல் மஞ்சள் பேனாவால் கோடு போட்டே கொண்டுவந்திருந்தேன். படித்தான். மறுபடி படித்தான். அவன் காது சிவந்தது.

"அன்னிக்கு எழுத வெக்கும்போதே உனக்கு இது தெரியுமா?"

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறது உன் பொறுப்பு."

"அடிப்பாவி. ஒரு வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டா என்கிட்ட சிரிச்சுப் பேசின?"

சுற்றி நின்றவர்கள் போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டினார்கள். அதற்குள் ஃபென்னா வெளியே வந்துவிட்டாள். எங்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை. "ரெண்டு பேரும் வந்திருக்கீங்க! ஏன்?" என்றாள். நாங்கள் பேசாமல் நின்றதைப் பார்த்து அந்த முகம் மெல்ல வாடிப்போயிற்று.

வௌட்டர் குரலைத் தாழ்த்தினான். "சரி, எழுத்துப்படியே ஆகட்டும். இந்த வாரம் காரோலீன் எங்க வீட்டுக்குக் குடி வர்றா. ஃபென்னாவோட அறைக்குப் பெயின்ட் அடிக்கணும், கலரை அவளே எடுக்கணும்னு ஆசைப்பட்டா. புதன்கிழமை ஸ்கூல் அரை நாள்தானே, மத்தியானம் மட்டும் விடேன். ஆறு மணிக்கு நானே கொண்டுவந்து விடறேன்."

காரோலீன் அவனுடைய புதுத் துணை. அவள் பேரைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புதன்கிழமையும் ஒத்தை வாரத்துக்குள்ளதான் வருது" என்றேன்.

ஜெயித்துவிட்டேன். சைக்கிளில் வரும்போது எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. ஃபென்னா எனக்குப் பின்னால் தள்ளியே மிதித்துக்கொண்டு வந்தாள். திடலுக்குள் நுழைந்தோம். சரளைக்கல் பாதையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. குடிசையின் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வீடுகளில் திரைகள் மூடிக் கிடந்தன. ஹார்மென் மட்டும் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"டெஸ்ஸல் எங்க?" என்று ஃபென்னா கேட்டாள்.

"அவங்கம்மாகிட்ட. இன்னிக்குத்தானே எல்லாரும் போனாங்க" என்றவன் என்னைப் பார்த்தான். "நீ என்ன இவளைக் கூட்டிட்டு வந்திருக்க? கதவுல ஒட்டியிருந்தோமே, படிக்கலையா? ஒத்தை ரெட்டையை விட்டுட்டு மாத்தி மாத்தியே போறதுன்னு மத்த எல்லா வீட்டுலயும் பேசி முடிச்சாச்சு. இனிமே நம்ம திடலுக்கு ரெட்டை வாரம்தான்."

எனக்கு உடனே மூளை ஓடவில்லை. இருபது வருஷமாக நூறு ஓட்டுநர்களுக்குப் பட்டியல் போட்டவளுக்கு ஓடவில்லை. என் மகள்தான் கையுறையைக் கழற்றி விரல்விட்டு எண்ணினாள்.

"இந்த வாரம் நான் இருக்கேன், அவ இல்ல. அடுத்த வாரம் அவ வருவா, நான் அப்பாகிட்ட இருப்பேன். அதுக்கடுத்த வாரம் நான் வருவேன், அவ போயிடுவா." நாலாவது விரலோடு நிறுத்திக்கொண்டாள். "அம்மா, அப்போ இனிமே நான் இருக்கறப்ப அவ இருக்கவே மாட்டாளா?"

"அம்மா சரி பண்ணிடறேன்டி" என்றேன்.

மறுநாளே வௌட்டருக்குப் போன் போட்டேன். மானம் ரோஷமெல்லாம் போகட்டும் என்று பேசினேன். "நேத்து நான் பேசினது தப்புதான். மூணாவது வாரத்தையும் நீயே வெச்சுக்கோ. அதுலேர்ந்து எனக்கு ரெட்டை வாரம், உனக்கு ஒத்தை வாரம்னு மாத்திக்கலாம்."

அவன் சொன்னான்: "காரோலீனோட ரெண்டு பொண்ணுங்களும் ரெட்டை வாரம்தான் இங்க வருவாங்க. அவங்கப்பா அதை மாத்த மாட்டேங்கறார். மாத்தி மாத்திப் போனா புது வருஷத்துலேர்ந்து ஃபென்னா ஒத்தை வாரம் ஆயிடுவாளே, மூணு பேரும் ஒண்ணா இருக்க முடியாம போயிடுமேன்னு ஒரு மாசமா நாங்க மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோம். நீ வந்து பேப்பரைக் காட்டின. வாசல்ல எனக்குக் கோவம் வந்தது நெஜம். வீட்டுக்கு வந்து காரோலீன்கிட்ட சொன்னா, அவ கை தட்டறா. இப்ப போய் அதைக் கலைக்கச் சொல்றியா?"

ஒரு வருஷம் கட்டிக் காத்து, என் கையாலேயே கொண்டுபோய் அவனுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஹார்மென் வீட்டுக்கு ஓடினேன். "திடலை மறுபடியும் ஒத்தை வாரத்துக்குத் திருப்பிடலாம்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன்.

அவன் கேலி செய்யாமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். "உன் வீட்டை விட்டா இன்னும் பதிமூணு வீடு. பதிமூணு பழைய புருஷன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு மறுபடி சம்மதம் வாங்கணும். ஒரு தடவை வாங்கறதுக்கே ரெண்டு வீட்டுல வக்கீல் வரைக்கும் போச்சு. யாரும் தொட மாட்டாங்கம்மா. அந்தப் புதன்கிழமை நீ மட்டும் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்றான். மறுநாள் காலையில் பார்த்தால் கொட்டகையில் என் இடத்தில் அவன் சைக்கிள் இல்லை.

ஒற்றை வாரமான மூன்றாவது வாரம் வந்தது. மழையோ மழை. ஃபென்னா ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு குடிசைக்குப் போய் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அப்பம் சுட்டுக் கொடுத்தேன், சீட்டாடினேன், பரணில் அவளோடு ஏறிப் படுத்துக் கதை படித்தேன். உப்பிலிட்ட மீனை வாலைப் பிடித்துத் தூக்கி விழுங்கிக் காட்டிக் கோமாளித்தனம் பண்ணினேன். அவள் சிரித்தாள். கொஞ்சம் தாமதித்துத்தான் சிரித்தாள். ஐந்தாவது வாரமும் அதே கதை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டாள்.

"அழறியாம்மா?"

"இல்லடி, வெங்காயம்."

"இன்னிக்கு நாம வெங்காயமே நறுக்கலையே" என்றாள். பிறகு ஒரு பெரிய மனுஷி மாதிரி, "ஆபீஸ்ல யார்கூடவாவது பேசினியா போன வாரம்?" என்று விசாரித்தாள்.

இந்த இரண்டு வாரத்துக்கும் நடுவில், நாலாவது வாரம், வாய்க்கால் உறைந்தது. எங்கள் பக்கம் ஐஸ் பிடிப்பதே அபூர்வம், பிடித்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடும். ரெட்டை வாரம், ஆகவே திடல் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள், பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வௌட்டரைக் கூப்பிட்டு, புதன்கிழமை மத்தியானம் மட்டும் ஃபென்னாவை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். கேட்கும்போதே நாக்கு கூசியது. அவன் பழையதைக் குத்திக்காட்டவில்லை. "அவகிட்டயே கேளு" என்று போனை அவளிடம் கொடுத்தான்.

"இங்க குளமும் உறைஞ்சிருக்கும்மா" என்றாள் மூச்சு வாங்க. "நாங்க மூணு பேரும் இப்பதான் கிளம்பறோம். நான் சனிக்கிழமை வரட்டுமா? டெஸ்ஸல்கிட்ட சொல்லி வை."

சனிக்கிழமை வந்தாள். பத்து மணிக்கு ஐஸில் இறங்கியவள் ஐந்து மணிக்குத்தான் ஏறினாள். நடுவில் ஒருமுறை டெஸ்ஸலோடு ஓடிவந்து சூடாகச் சாக்லெட் பால் குடித்துவிட்டுப் போனாள். நான் கரையில் நின்று கால் மரத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ரெட்டை வாரத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்துவிட்டதே என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

பிப்ரவரி நடுவில் திருமதி தெர்ப்ஸ்ட்ரா ஃபென்னாவோடு ஒரு மணி நேரம் பேசினார். பிறகு அவளை வெளி அறையில் உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு காலண்டர் தாள் இருந்தது, பிள்ளைகள் எந்த வீட்டில் எந்த நாள் என்று வண்ணம் தீட்டுவதற்காக அவர் கொடுப்பது. முழுக்க நீலம். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு பச்சைக் கட்டம்.

"பச்சை நீங்க" என்றார் என்னிடம். "ரெட்டை வார சனிக்கிழமை. டெஸ்ஸல் இருக்கிற நாள்னு சொன்னா. மத்த நாளெல்லாம் அப்பாகிட்ட இருக்கேன்னு சொல்றா."

"வேற என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன், சொல்லலாம்னா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் குறிப்பைப் படித்தார். "'அம்மா வீட்டுல இப்ப யாருமே இல்ல. நான் போனா அம்மாவுக்கு நான் மட்டும்தான். வாரம் முழுக்க அம்மாவை நான்தான் சிரிக்க வெக்கணும். எனக்குக் களைப்பா இருக்கு.'"

அவளைச் சிரிக்கவைப்பதாக நினைத்துக்கொண்டு நான் மீனைத் தொங்கவிட்டு ஆடியிருக்கிறேன். எனக்காக அவள் சிரித்திருக்கிறாள். எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

திருமதி தெர்ப்ஸ்ட்ரா நிதானமாகச் சொன்னார்: "பாருங்க, ஒன்பது வயசுப் பிள்ளை சொல்றதுதான் முடிவுன்னு கிடையாது. நீங்க ஒத்துக்கலைன்னா ஏற்கனவே எழுதினபடியே தொடரலாம். உங்க வீட்டு விஷயமும் இதுல இருக்குன்னு எனக்குத் தெரியும்."

வௌட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் சண்டைக்கு வர மாட்டேன். நீ வேண்டாம்னா வேண்டாம்தான்."

பைக்குள் அந்தக் காகிதம் இருந்தது, மஞ்சள் கோட்டோடு. ஒற்றை வாரம் தாய்க்கு. அதை எடுத்து மேஜைமேல் வைத்தால் பாதி எனக்கு. பாதி இருந்தால் வீடு எனக்கு. இரண்டு அறையில் ஓர் அறைக்கு ஃபென்னாவே கலர் எடுக்கலாம், ஒற்றை வாரம் தவறாமல் வந்து என்னைச் சிரிக்கவைத்துவிட்டுப் போகலாம். கதவுக் கண்ணாடி வழியாக அவள் தெரிந்தாள். நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து, என்னை எட்டிப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். தைரியமாக இரு அம்மா என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

"பேனா குடுங்க" என்றேன்.

மார்ச்சில் கடிதம் வந்தது. என் பேருக்கு நேராகத் தனியாள் என்று போட்டிருந்தார்கள். அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் கார் ரிப்பேர் கடைக்கு மேல் ஓர் அறை கிடைத்தது. ஜூன் ஒன்றிலிருந்து அங்கே.

நேற்றைக்குச் சனிக்கிழமை, இருபதாவது வாரம். திடலில் எனக்குக் கடைசி ரெட்டைச் சனிக்கிழமை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஃபென்னா வந்தாள், பையை வாசற்படியில் போட்டாள், "டெஸ்ஸல் எழுந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். சாயங்காலம் கிளம்பும்போதுதான் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் பளபளவென்று இருந்தது.

"அம்மா, ஒரு நல்ல சேதி. நீ போயிட்டாலும் நான் ரெட்டை சனிக்கிழமை இங்க வரலாமாம். ஹார்மென் சரின்னுட்டார். திடலைப் பாத்துக்கறதால அவருக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் கெடு குடுத்திருக்காங்களாம். மத்தியானம் அவங்க வீட்டுலயே சாப்பிட்டுக்கலாமாம். அப்பாவும் சரின்னுட்டார்."

"அப்ப என்கிட்ட?" கேட்கக் கூடாது என்று நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது.

அவள் யோசித்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு இப்போதுதான் தோன்றியது என்று பார்த்தாலே தெரிந்தது. "நீயும் வாயேன். ஹார்மென்கிட்ட கேக்கறேன்" என்றாள்.

ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டேன். மோவாயில் தோல் மாட்டிக்கொள்ளாதபடி என் விரலை நடுவில் வைத்துத்தான் எப்போதும் மாட்டுவேன். அவள் சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பினாள்.

"அடுத்த வாரம் எத்தனாவது வாரம்மா?"

"இருபத்தொண்ணு."

"ஓ, யாரும் இல்லாத வாரம்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனாள்.

நான் அந்த வாரம் முழுக்க இங்கேதான் இருப்பேன்.